தனியாக ஏற்றி, தனியாக இறக்கி

டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு ஏரோப்பிளேன் எதற்கு என்று என் சகலை கேட்டார். நியாயமான கேள்விதான். பீடியைப் பற்றவைத்துக்கொண்டேன்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். டிராக்டர் என்னுடையது அல்ல. அறுப்பு முடிந்ததும் நரிக்குடிப் பக்கம் போய் வைக்கோல் லோடு ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்து ஊர்களில் இறக்குவேன். எங்கள் பக்கம் மானாவாரி. கம்பு, சோளம், கொஞ்சம் பருத்தி. மாட்டுக்கு வைக்கோல் வெளியே இருந்துதான் வரவேண்டும். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. லோடு கட்டுவதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. நான் கட்டிய லோடு வழியில் சரிந்ததில்லை. ஒரு தடவை தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் வீட்டுக்காரியின் தம்பி துபாயில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் டிரைவராக இருந்தான். அவர் வேலை முடிந்து தன் நாட்டுக்குத் திரும்பும்போது வீட்டில் வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். சமையல்காரருக்கு டி.வி. டிரைவருக்கு ரிமோட்டில் பறக்கும் ஏரோப்பிளேன். லீவில் வரும்போது அதை ஒரு நீளமான பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"ஏலே, டி.வி.யக் கேட்டிருக்கலாம்ல?" என்றாள் அவன் அக்கா.

"டி.வி. பறக்காதுக்கா."

"நம்ம வீட்டுல எதுக்கு எதுவும் பறக்கணும்?"

பெட்டியைப் பிரித்தான். றெக்கை தனி, உடம்பு தனி. றெக்கை நான் இரண்டு கையையும் விரித்தால் இருக்கும் நீளம். மொத்தமும் ஒரு நல்ல சேவல் கனம். மூக்கில் சின்ன என்ஜின், அதன் முன்னால் ஒரு காத்தாடி. உடம்பின் மேல் பக்கம் திறந்திருந்தது. உள்ளே மூக்குப் பக்கம் ஒயரும் சின்னச் சின்ன மோட்டாரும். வால் பக்கம் வெறும் கூடு. திறந்த இடத்தின் மேல் றெக்கையை வைத்து, ரப்பர் பேண்டுகளை இழுத்து மாட்டினான்.

என் வீட்டுக்காரி அதைப் பார்த்தாள். "நீ வந்த பிளேனுலயும் ரப்பர் பேண்டுதானா?"

"அது வேறக்கா."

"இல்ல, அடுத்த தடவ வரும்போது சூதானமா வாடான்னு சொல்ல வந்தேன்."

பிறகு உள்ளே போய் மூன்று எலுமிச்சம்பழம் எடுத்து வந்தாள். எங்கள் ஊரில் வண்டி என்று எது புதிதாக வந்தாலும், சைக்கிளாக இருந்தாலும், சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து நசுக்கித்தான் எடுப்போம். விமானத்துக்கு மூன்று சக்கரம். அவள் எண்ணித்தான் எடுத்து வந்திருக்கிறாள்.

மச்சினன் சிரித்தான். "அக்கா, சக்கரமே எலுமிச்சம்பழத்தளவுதான் இருக்கு. இது எங்கிட்டு நசுக்க? தடுக்கிக் குப்புற விழும்."

"அப்ப பூச இல்லங்கிற?"

"பிளேனுக்கெல்லாம் பூச கெடையாது."

அவள் பழத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பூசை போடாத வண்டி எங்கே உருப்படும் என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. எங்களுக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னாள். கேட்டது.

மறுநாள் என் சகலை வந்தார். என் வீட்டுக்காரியின் அக்காளைக் கட்டியவர். மல்லாங்கிணற்றில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அந்தக் கடைக்கூரையில் எதையாவது கட்டித் தொங்கவிடுவதில் அவருக்கு ஒரு பிரியம். மாமனார் வீட்டில் சீராகக் கொடுத்த சுவர்க்கடிகாரம் தொங்கியது. ஓடாது. மச்சினன் போன லீவில் கொண்டுவந்த கலர் விளக்கு தொங்கியது. எரியாது. விமானத்தைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாலேயே கூரையை அளந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

"மாப்ளே, இத நம்ம கடையில தொங்கவிட்டா விருதுநகர் பஸ்ஸுல போறவன் எல்லாம் எட்டிப் பாப்பான்."

மச்சினனுக்குச் சங்கடமாகிவிட்டது. இதைத் திரும்ப துபாய்க்குத் தூக்கிக்கொண்டு போகமுடியாது. அங்கே புது முதலாளி. இங்கே இரண்டு அக்கா, இரண்டு மச்சான். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொரு வீட்டில் அடுத்த பொங்கல் வரைக்கும் பேச்சு இருக்காது. அதனால் அவனாக ஒரு வழி சொன்னான்.

"இது பறக்குற சாமான். பறக்கவிடுறவுகளுக்குத்தான் குடுக்கணும். நான் ஊருக்குக் கெளம்புறதுக்குள்ள யாரு தனியா ஏத்தி, தனியா எறக்குறீகளோ அவுகளுக்கு."

"எனக்கு எதுக்குய்யா பறக்கணும்? எனக்குத் தொங்குனாப் போதும்" என்றார் சகலை.

"அப்பச் சின்ன மச்சான் ஓட்டிப் பாக்கட்டும். முழுசா எறக்கிட்டா அவுகளுக்கு. எறக்கலன்னா ஒங்களுக்கு."

"ஒடஞ்சு எறங்குனாலும் எனக்குச் சம்மதந்தேன். ஒடஞ்ச பக்கத்தச் சொவத்துப் பக்கமாத் திருப்பிக் கட்டிக்கிடுவேன்."

அப்போதுதான் டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு எதற்கு என்று கேட்டார். நான் பீடி பற்றவைத்தேன். எனக்கு எதன் மேலும் பெரிதாக ஆசை வந்தது இல்லை. ஆனால் அந்தக் கூரையை நினைத்தேன். ஓடாத கடிகாரத்துக்கும் எரியாத விளக்குக்கும் நடுவில், காலைக் கட்டித் தொங்கவிட்ட கோழி மாதிரி இது தொங்கும். அதை நினைத்ததும்தான் எனக்கு வேண்டும் என்று தோன்றியது.

"ஓட்டுறேன்" என்றேன்.

"மொதல்ல பீடிய அணைங்க மச்சான்" என்றான் மச்சினன். "எண்ணெ பக்கத்துல இருக்கு."

எண்ணெய் என்றால் பெட்ரோல் அல்ல. மதுரைக்குப் போய் ஏதோ ஒரு ஸ்பிரிட்டு வாங்கிவந்திருந்தான். அதில் விளக்கெண்ணெய் கலக்கவேண்டும். விளக்கெண்ணெய்க்கு எங்கள் ஊரில் பஞ்சம் இல்லை. கலக்கும்போது என் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேதிக்குக் குடுக்குற எண்ணெயக் குடிச்சா பறக்காம என்ன செய்யும்?" என்றாள்.

பங்குனி மாதம். கண்மாய் வற்றிக் கிடந்தது. கரையோரம் மட்டும் கருவேல மரம். நடுவில் மாடும் ஆடும் மிதித்து மிதித்துத் தரை கெட்டியாக இருந்தது. வெயில் ஏறினால் காற்றும் புழுதியும் வந்துவிடும். அதனால் விடிந்தும் விடியாமலும் போய்விடுவோம். டார்ச் லைட் பேட்டரிக் கட்டை ஒன்றை ஒயரில் கோத்து என்ஜின் தலையில் சூடேற்றி, காத்தாடியைக் குச்சியால் சுண்டிவிடுவான் மச்சினன். முதல் நாள் விரலால் சுண்டி நகம் போனது. அப்புறம் குச்சி. என்ஜின் பிடித்தால் பெருங்குளவி காதுக்குள் புகுந்த மாதிரி இருக்கும். ஆடுகள் கரை ஏறிப் போய்விடும். காற்றெல்லாம் விளக்கெண்ணெய் வாடை.

கையில் ஒரு பெட்டி. பெட்டியில் டிரான்சிஸ்டர் மாதிரி நீள ஏரியல். இரண்டு குச்சி. ஒரு குச்சி என்ஜினைக் கூட்டிக் குறைக்க. இன்னொன்று சாய்க்க, தூக்க, தாழ்த்த. பார்த்தால் அவ்வளவுதான்.

மச்சினன் ஏற்றிக் கொடுப்பான். மேலே போனதும் பெட்டியை என் கையில் தருவான். தந்துவிட்டு என் பிடரிக்குப் பின்னால் நிற்பான். மூச்சு என் கழுத்தில் படும். விமானம் லேசாகச் சாய்ந்தால் போதும். "குடுங்க குடுங்க குடுங்க" என்று பிடுங்கிவிடுவான். நான் தப்பை ஆரம்பிப்பதற்குள் அவன் முடித்துவைப்பான். பெட்டி என் கையில் இருந்தது என்று பேர். இறக்குவது எப்போதும் அவன்தான்.

"மாப்ளே, கொஞ்சம் விட்டுத்தான் பாரேன்."

"விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் மச்சான்."

"எனக்குத் தெரியாதுல்ல?"

ஒருநாள் விட்டான். என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டேன்.

விமானம் நம்மை விட்டுத் தள்ளிப் போகிறவரை சிரமம் இல்லை. ஏரில் மாட்டுக்குப் பின்னால் நடப்பது மாதிரி. டிராக்டரும் அப்படித்தான். வலது என்றால் எனக்கும் வலது, அதற்கும் வலது. அது திரும்பி நம்மைப் பார்த்து வரும்போதுதான் வம்பு. அதன் வலது நமக்கு இடது. நான் எந்த மாட்டையும் எதிரே நின்று ஓட்டியதில்லை. குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். அது இன்னும் மோசமாகச் சாய்ந்தது. இன்னும் தள்ளினேன். கருவேல மரத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

எடுக்கப் போனதில் எனக்குத்தான் சேதம் அதிகம். முள். விமானத்துக்கு றெக்கையில் ஒரு கிழிசல், உடைந்த காத்தாடி. காத்தாடி பெட்டியில் இன்னொன்று இருந்தது. மச்சினன் மெல்லிய பலகையை வெட்டி ஒட்டி, மேலே சிவப்பு டேப் சுற்றினான். என் காலுக்கு என் வீட்டுக்காரி மஞ்சள் வைத்தாள். வைக்கும்போது எலுமிச்சம்பழம் என்று ஒரு சொல் மட்டும் சொன்னாள்.

"கண்ணாடியப் பாத்து சேவிங் பண்ற மாதிரி நெனச்சுக்கங்க மச்சான்" என்றான் மச்சினன். "எல்லாம் மாத்தித் தெரியும்."

எனக்குப் பாளையம்பட்டியில் ஒருவர்தான் சேவிங் பண்ணிவிடுவார்.

அந்த வாரத்தில்தான் நான் கட்டிய லோடு சரிந்தது. நரிக்குடியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். பாதையில் ஒரு பள்ளம். டிரெய்லர் இறங்கி ஏறியதும் வைக்கோல் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. டிராக்டரை நிறுத்திவிட்டு, ரோட்டில் முன்னால் ஓடித் திரும்பிப் பார்த்தேன். லோடு என்னைப் பார்த்தபடி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு நின்றது. கவைக்கம்பை எடுத்தேன். சாய்கிற பக்கம் போய் முட்டுக் கொடுத்தேன். நின்றது.

நின்றதும் எனக்கு ஒன்று தோன்றியது. முட்டுக் கொடுக்கும்போது, இது டிராக்டருக்கு வலதா எனக்கு வலதா என்று நான் யோசிக்கவே இல்லை. எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் கம்பு. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வான். விழாத பக்கம் போய் எவனும் முட்டுக் கொடுக்கமாட்டான்.

வைக்கோலைத் திருப்பிக் கட்டி, கொண்டுபோய் இறக்கிவிட்டு, நேரே வீட்டுக்குப் போனேன். மச்சினன் சோறு தின்றுகொண்டிருந்தான்.

"மாப்ளே, நம்மளப் பாத்து வரும்போது எந்த றெக்க தாழுதோ, அந்தப் பக்கமே குச்சியத் தள்ளுனா?"

கையை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தி யோசித்தான். இன்னொரு கையை விமானமாக வைத்துச் சாய்த்துப் பார்த்தான். "நிமுந்துரும்" என்றான். இன்னும் கொஞ்சம் யோசித்தான். "மச்சான், அந்த வெள்ளக்காரரு எனக்குச் சொல்லிக் குடுக்கும்போது ஒரு கம்ப எடுத்துக்கிட்டு வந்து றெக்கைக்கு அடியில வச்சு வச்சுக் காட்டுனாரு. தூக்கித் தொடைக்கச் சொல்றாருன்னு நெனச்சு நான் றெக்கயத் தொடச்சுக்கிட்டே இருந்தேன்."

அதற்குப் பிறகு எதிரே வருவது எனக்கு வைக்கோல் லோடுதான். சாய்கிற பக்கம் முட்டு. தானாக வந்தது.

ஆனால் மச்சினன் கை அடங்கவில்லை. ஒழுங்காக ஓட்டும்போதும் பிடுங்கினான். அவனையும் குறை சொல்ல முடியாது. துபாயில் அவன் பின்னால் நின்ற வெள்ளைக்காரரும் அப்படித்தான் பிடுங்கியிருக்கிறார். கடைசியில் அவனே சொன்னான்.

"நாளைக்கழிச்சு நான் கெளம்பணும். நாளைக்குக் காலையில ஓட்டுங்க. என் கையக் கட்டிப் போட்டுருங்க மச்சான். இல்லேன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

சகலைக்கு ஆள் சொல்லியனுப்பினோம். விடியும்போதே மொபெட்டில் வந்துவிட்டார். பின் சீட்டில் பெரிய சாக்கு ஒன்று, கயிறு ஒரு சுருணை.

"எதுக்கு சகலை சாக்கு?"

"வழியில புழுதி. றெக்க அழுக்காயிரும்ல?"

என் வீட்டுக்காரி ஒருநாளும் கண்மாய்க்கு வந்ததில்லை. அன்றைக்கு வந்தாள். அதோடு விமானத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். நாங்கள் எழுந்திருக்கும் முன்னே றெக்கையையும் ரப்பர் பேண்டு போட்டு மாட்டி வைத்திருந்தாள். தினம் பார்த்ததுதானே என்றாள். கொடியேற்றத்துக்குத் தண்ணீர்க்குடம் கொண்டுபோகிறவள் மாதிரி, ஆட்டாமல் அலுங்காமல் சமமாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மச்சினனுக்குச் சந்தோஷம். "அக்காவுக்கு இப்பத்தான் இதோட அரும தெரியுது" என்றான்.

கண்மாய் நடுவில் விமானத்தை வைத்தோம். என்ஜின் பிடித்தது. மச்சினன் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான். என் துண்டால் கட்டினேன். கட்டு என்றால் எனக்கு ஒரே கட்டுத்தான் தெரியும். லோடுக் கட்டு. திமிறத் திமிற இறுகும்.

அவள் மடைச் சுவரில் போய் உட்கார்ந்தாள். சகலை மொபெட் மேல் உட்கார்ந்தார். நான் என்ஜினைக் கூட்டினேன்.

ஓடியது. தரையை விட்டது. விட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு குதிரை மாதிரி நின்றது. அது ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. குச்சியை முன்னால் தள்ளினேன். தாழ்ந்தது. கொஞ்சம் தாழ்ந்ததும் ஒரேயடியாகத் தலைகுப்புறப் போகப் பார்த்தது. இழுத்தேன். மறுபடி குதிரை.

"தள்ளுங்க! தள்ளுங்க! குடுங்க குடுங்க!" மச்சினன் கட்டிய கையை முறுக்கினான். துண்டு இறுகியது. "பெரிய மச்சான், அவுத்து விடுங்க!"

"எதுக்கு அவுக்கணும்?" என்றார் சகலை. "தனியா ஓட்டணும்னுதான பேச்சு?"

"விழப்போகுது!"

"விழட்டும். பாத்துக்கிடலாம்."

"அக்கா, நீயாவது வாக்கா!"

"ஒன்னும் ஆகாதுடா" என்றாள் அவள் மடைச் சுவரிலிருந்து. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. "நான் பாத்துக்கிட்டேன்."

"என்னத்தப் பாத்துக்கிட்ட?"

எனக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை. மேலே ஏறினால் ஒரு விமானம், கீழே இறங்கினால் இன்னொரு விமானமாக இருந்தது. பாரம் இழுத்துக்கொண்டு கண்மாய்க் கரை ஏறும்போது டிராக்டர் மூக்கைத் தூக்கும். அப்போது ஆக்சிலேட்டரை அமுக்குகிறவன் மல்லாக்கக் கவிழ்வான். குறைக்கவேண்டும். என்ஜினைக் குறைத்தேன். கொஞ்சம் அடங்கியது. உள்ளே ஏதோ கட்டாத லோடு இருக்கிறது என்று என் கைக்குத் தெரிந்தது. என்ன லோடு என்று தெரியவில்லை. கட்டாத லோடு நம் பேச்சைக் கேட்காது. நாம்தான் அதன் பேச்சைக் கேட்டு மெள்ளப் போகவேண்டும். ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. சமமாகவே வைத்துக்கொண்டு கண்மாயைச் சுற்றிவந்தேன். பெரிய வட்டம். மச்சினன் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கடைசியில் உட்கார்ந்துவிட்டான்.

அமைதியாக இருந்தது. என் கழுத்தில் யார் மூச்சும் இல்லை. சகலை இருக்கிறார், மச்சினன் இருக்கிறான், வீட்டுக்காரி இருக்கிறாள். ஆனால் பெட்டியும் நானும் அதுவும்தான். நன்றாக இருந்தது.

எண்ணெய் தீரும் முன்னே இறக்கவேண்டும். கரைக்கு அந்தப் பக்கம் போய்த் திருப்பினேன். எங்களைப் பார்த்து வந்தது. இடப்பக்கம் தாழ்ந்தது. இடப்பக்கம் முட்டு. நிமிர்ந்தது. என்ஜினைக் குறைத்தேன். வலப்பக்கம் தாழ்ந்தது. வலப்பக்கம் முட்டு. தரை வந்தது. சக்கரம் பட்டுத் துள்ளியது. மூக்கைத் தூக்கியது. நான் குச்சியை அசைக்காமல் பிடித்துக்கொண்டேன். மறுபடி பட்டது. ஓடியது. நேரே சகலையின் மொபெட்டைப் பார்த்து ஓடியது. அவர் குதித்து இறங்கினார். மொபெட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்று, என்ஜின் அணைந்தது.

சகலை குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு தடவ விழுந்துச்சு."

"விழல. எறங்குச்சு" என்றான் மச்சினன், கட்டிய கையோடு.

"துள்ளுச்சே?"

"துபாய்ப் பிளேனும் துள்ளும். ஒடஞ்சிருக்கா பாருங்க."

விமானத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை. ஆனால் தூக்கும்போது உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டு வாலுக்குப் போனது. மூக்கைத் தாழ்த்தினேன். உருண்டு முன்னால் வந்தது. ரப்பர் பேண்டைக் கழற்றி றெக்கையை எடுத்தேன். உள்ளே ஒரு எலுமிச்சம்பழம். குங்குமம் வைத்த பழம்.

எல்லோரும் மடைச் சுவரைப் பார்த்தோம். அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"அம்மன் கோயில்ல வச்சு எடுத்தது" என்றாள். "அடியில வைக்க விடல. அதான் உள்ள வச்சேன்."

"அக்கா! இதாலதான் இன்னைக்குச் சாகப் பாத்துச்சு!"

"இதாலதான்டா சாகல."

சகலை முகத்தில் வெளிச்சம் வந்தது. பழத்தை என் கையிலிருந்து வாங்கி, பயபக்தியோடு பார்த்தார்.

"கேளுங்க. தனியா ஏத்தி, தனியா எறக்கணும்னு பேச்சு. உள்ள அம்மன் இருந்திருக்கு. அம்மன் தொணையோட எறக்குனது எப்பிடித் தனியா எறக்குனதாகும்? நீயே சொல்லு தாயி. அம்மன்தான காப்பாத்துச்சு?"

நாங்கள் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. சகலை கடைக்காரர். எதையும் இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்க்கிறவர். மச்சினன் என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன். அவள் பழத்தைப் பார்த்தாள்.

பதில் அவள் கையில் இருந்தது. அம்மன் காப்பாற்றியது என்றால் விமானம் மல்லாங்கிணறு போகும். கடிகாரத்துக்கும் விளக்குக்கும் நடுவில் தொங்கும். பூசை வேண்டும் என்று முதல் நாளிலிருந்து சொன்னவள் அவள் ஒருத்திதான். அவள் சொன்னது சரி என்று இன்றைக்கு ஒரு ஆள் ஒத்துக்கொள்கிறார். அதுவும் அவளுடைய அத்தான். அவள் எப்போதும் உடனே பதில் சொல்கிறவள். அன்றைக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

"அது வெறும் பழந்தேன் அத்தான்" என்றாள். "வேணும்னா பிழிஞ்சு குடிங்க."

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் அப்போது ஏறவில்லை.

"பெறகென்ன மச்சான்? தீந்துச்சு" என்றான் மச்சினன். "இப்பக் கைய அவுத்து விடுங்க."

லோடுக் கட்டுக்கு ஒரு வால் உண்டு. அதைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் கழன்றுவிடும். இழுத்தேன். கழன்றது. அவன் கையைத் தேய்த்துக்கொண்டே துண்டைப் பார்த்தான்.

"ஒரு இழுப்புல கழலுமா? அப்பவே சொல்லக்கூடாதா?"

"நீ எங்கிட்டக் கேக்கலயே மாப்ளே."

சகலை கோபித்துக்கொண்டு போகவில்லை. காப்பி குடித்தார். இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டார். போகும்போது அந்தப் பழத்தை மட்டும் கேட்டார். "வெறும் பழந்தான? நான் எடுத்துக்கிடுறேன்" என்றார். என் வீட்டுக்காரி கொடுத்துவிட்டாள். அதை மொபெட் ஹேண்டிலில் நூல் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, வெறும் சாக்கோடு கிளம்பினார். எதையாவது தொங்கவிட்டால்தான் அவருக்கு மனசு நிறையும்.

அவர் போன பிறகு அவள் உள்ளே விளக்கு முன்னால் நின்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. "சும்மா சொன்னேன் தாயி. மனசுல வச்சுக்கிடாத."

மறுநாள் அருப்புக்கோட்டையில் பஸ் ஏற்றிவிடும்போது மச்சினன் எனக்கு நிறையச் சொன்னான். எண்ணெய்க் கலவை எவ்வளவு, காத்து எவ்வளவு இருந்தால் கிளப்பக்கூடாது. கடைசியாக, பஸ் நகரும்போது சன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"மச்சான், அக்கா மறுபடியும் பழம் வைக்கும். வைக்காதன்னா கேக்காது. வாலுல வேணாம். மூக்குல வைக்கச் சொல்லுங்க. மூக்குல கொஞ்சம் கனம் நல்லதுதான்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. மூக்குக்குள்ளே, எண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு இடம் இருந்தது. சின்னப் பழமாகப் பார்த்து அவள் வைத்தாள். உருளாமல் இருக்க, சுற்றிலும் வைக்கோல் திணித்து நான் இறுக்கினேன். தூக்கி ஆட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை.

விடிந்ததும் கண்மாய்க்குக் கொண்டுபோனேன். அவளும் வந்து மடைச் சுவரில் உட்கார்ந்தாள். நானே சுண்டி, நானே ஏற்றினேன். தலையாட்டாமல் போனது. திருப்பி எங்களைப் பார்த்து வரவிட்டேன்.

"ஏங்க, சாயுது" என்றாள்.

எந்தப் பக்கம் என்று அவளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முட்டுக் கொடுத்தேன்.